தேரைக்கு என்ன பயிற்சி?

மீன் குஞ்சுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்க வேண்டுமா என்று நம் ஊரில் கேட்பார்கள். அடைப்பில் பெருக்கிய ஊர்வனவற்றையும் இருவாழ்விகளையும் காட்டுக்குத் திருப்பி அனுப்பிய உயிரியல் பூங்காக்களும் வெகுகாலம் இதே எண்ணத்தோடு நிம்மதியாக இருந்துவிட்டன. குரங்கு, பறவை என்றால் கதை வேறு. பிரேசிலின் தங்கச் சிங்கத் தாமரின் குரங்குகள் 1980-களில் பூங்காக்களிலிருந்து காட்டுக்குப் போனபோது, வளைந்தாடும் மெல்லிய கிளைகளில் நடமாடவே திணறின. கலிஃபோர்னியாவின் காண்டோர் கழுகுக் குஞ்சுகள் மனித முகத்தோடு ஒட்டிவிடக் கூடாதென்று, கழுகுத் தலை போன்ற பொம்மையைக் கையில் மாட்டிக்கொண்டு இரை ஊட்டினார்கள். பாம்புக்கு இதெல்லாம் எதற்கு? முட்டையிலிருந்து தலையை நீட்டும்போதே பல்லும் பசியும் தயார். முட்டைகளை மண்ணால் மூடிவிட்டுப் போகும் ஆமைத் தாய் திரும்பிப் பார்ப்பதில்லை. சொல்லிக்கொடுக்க ஆளில்லாத உயிருக்குப் பயிற்சி தர வேண்டியதில்லை, பெட்டியைத் திறந்துவிட்டால் போதும் என்று தோன்றுவது இயல்புதான்.

இந்த எண்ணம் பாதி சரி. பயிற்சி என்ற பகுதியில் அது பெருமளவு சரி. ஆனால் அடைப்பில் இருக்கும் மாதங்களும் ஆண்டுகளும் அந்த உயிரிடமிருந்து எதையும் பறிப்பதில்லை, அதோடு எதையும் ஒட்டவைப்பதில்லை என்று நினைத்தது தவறு. கடந்த நாற்பது ஆண்டு அனுபவத்தைப் புரட்டினால், தோல்விகளில் பல விலங்குக்கு ஏதோ கற்றுத்தராததால் வந்தவை அல்ல என்று தெரிகிறது. வளர்த்த கையே அதைக் கெடுத்திருக்கும். அல்லது திரும்பிப் போன இடம் கெட்டிருக்கும்.

மயோர்க்கா தீவின் கதையிலிருந்து தொடங்கலாம். மத்திய தரைக்கடலில் ஸ்பெயினுக்குச் சொந்தமான அந்தத் தீவின் மருத்துவச்சித் தேரை, முதலில் புதைபடிவமாகத்தான் அறிவியலுக்கு அறிமுகமானது. 1977-ல் அழிந்துபோன இனமாக விவரிக்கப்பட்ட தேரை, அடுத்த சில ஆண்டுகளில் டிராமுன்டானா மலைத்தொடரின் சுண்ணாம்புப் பாறைப் பள்ளத்தாக்குகளில் உயிரோடு கண்டுபிடிக்கப்பட்டது. கட்டைவிரல் அளவு உடம்பு. முட்டைச் சரத்தைப் பின்னங்கால்களில் சுற்றிக்கொண்டு, பொரியும் வரை சுமந்து திரிவது ஆண். ஜெரால்டு டரல் நிறுவிய ஜெர்சி தீவுப் பூங்கா 1985-ல் இதை வளர்க்கத் தொடங்கியது. 1989 முதல் தலைப்பிரட்டைகளும் இளம் தேரைகளும் மயோர்க்காவின் பாறைக் குளங்களுக்குத் திரும்பின. பெருகவும் செய்தன. இருவாழ்விகளை மீட்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லையென்று உலகம் மெச்சிக்கொண்டது.

2008-ல் வந்தது மறுபக்கம். மயோர்க்காத் தேரைகளிடம் கைட்ரிட் பூஞ்சை இருந்தது. தவளை, தேரைகளின் தோலைத் தாக்கி, உப்புச் சமநிலையைக் குலைத்து, இதயத்தை நிறுத்திவிடும் பூஞ்சை அது. பல கண்டங்களில் தவளை இனங்களை வேரோடு சாய்த்தது. கடல் சூழ்ந்த தீவின் மலை இடுக்குக்கு அது எப்படி வந்தது? பூஞ்சையின் மரபணுவைத் துருவிப் பார்த்த ஆய்வாளர்களின் விரல் ஜெர்சியையே சுட்டியது. 1991-ல் அங்கே ஓர் அறையில் தென்னாப்பிரிக்காவின் கேப் நகத் தவளைகளும் மயோர்க்காத் தேரைகளும் ஒன்றாக வைக்கப்பட்டிருந்தன. அங்கிருந்து தொற்றிய பூஞ்சை, மீட்கப் போன தேரைகளோடு சேர்ந்தே விமானம் ஏறியிருக்கிறது.

யாரைக் குறை சொல்வது? கைட்ரிட் பூஞ்சைக்கு அறிவியல் பெயர் வைத்ததே 1999-ல்தான். 1991-ல் அதைத் தேடிப் பார்க்க யாருக்கும் வழி தெரியாது. ஆனால் வேறு வேறு கண்டத்து உயிர்களை ஒரே அறையில் வைக்கலாமா என்ற கேள்விக்கு நுண்ணோக்கி தேவையில்லை. அந்தக் கேள்வி அப்போது பெரிதாக எழவில்லை என்பதுதான் உறுத்துகிறது.

இந்தக் கதைக்கு ஒரு பின்னுரையும் உண்டு. ஸ்பானிய, பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் தீவின் தொற்றுக் குளங்களிலிருந்து தலைப்பிரட்டைகளை அள்ளி, இட்ராகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்துக் குளியலில் குளிப்பாட்டி, மீண்டும் விட்டார்கள். பூஞ்சை திரும்பி வந்தது. பிறகு குளங்களையே வற்றவைத்து, பாறைகளைக் கிருமிநாசினியால் கழுவி, மருந்திட்ட தலைப்பிரட்டைகளைத் திருப்பி விட்டபோதுதான் தொற்று நீங்கியது. 2015-ல் இந்த முடிவு வெளியானது. திறந்தவெளியில் இந்தப் பூஞ்சையை ஒழித்துக்கட்டிய அரிய வெற்றி அது. ஒரு சிறு தீவின் சில பாறைக் குளங்களில் மட்டுமே செய்யக்கூடிய காரியம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மழைக்காட்டு ஓடையை யாரும் வற்றவைத்துக் கழுவ முடியாது.

இன்று காட்டுக்குப் போகவிருக்கும் இருவாழ்விகளை வளர்க்கும் இடங்கள், பார்வையாளர்களுக்கான அரங்குகளிலிருந்து முற்றிலும் பிரிந்து கிடக்கின்றன. பனாமாவில் பழைய கப்பல் சரக்குக் கொள்கலன்களையே தவளை அறைகளாக மாற்றியிருக்கிறார்கள். ஓர் அறைக்கு ஓர் இனம், ஒரு ஜோடி காலணி, ஒரு வலை. வெளியேறும் தண்ணீரையும் சுத்திகரித்த பிறகே விடுகிறார்கள். காட்டுக்கு அனுப்பும் முன் தோலில் பஞ்சுக்குச்சியால் தடவி, பூஞ்சையின் மரபணு இருக்கிறதா என்று பரிசோதிக்கிறார்கள். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2013-ல் வெளியிட்ட மறு அறிமுக வழிகாட்டியில் நோய் பற்றிய பகுதி கறாரானது. ஆமைகளுக்கும் இதே கண்டிப்புதான். கலாபகஸின் எஸ்பனோலா தீவுக்கு 2020-ல் பெரிய ஆமைகளைத் திருப்பி அனுப்பும் முன் அவற்றைத் தனியே வைத்திருந்தார்கள். கிருமிகளுக்காக மட்டுமல்ல, வேற்றுச் செடிகளின் விதைகள் குடலில் தங்கிப்போய் தீவில் முளைத்துவிடக் கூடாதே என்பதற்காகவும்.

நோயை வெளியே நிறுத்திவிட்டாலும் உடம்பு தேற வேண்டும். இங்கேதான் அடைப்பு ஓசையில்லாமல் திருடுகிறது. பூங்காவில் ஒரு தவளைக்குக் கிடைக்கும் இரை பெரும்பாலும் சுவர்க்கோழிப் பூச்சியும் பழ ஈயும்தான். காட்டிலோ நூறு வகைப் பூச்சிகள், ஒவ்வொன்றும் வேறு வேறு இலைகளைத் தின்று வளர்ந்தவை. சுவர்க்கோழியின் உடம்பில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. அதனால் பூச்சிகளுக்கே சத்துள்ள தீவனம் தின்னக் கொடுத்து, மேலே சுண்ணாம்புப் பொடி தூவிக் கொடுப்பது வழக்கமாயிற்று. புற ஊதா ஒளி படாத பல்லியின் எலும்பு வளையும். வைட்டமின் ஏ குறைந்த தேரைக்கு நாக்கு ஒட்டுதல் கெட்டுப்போய், இரையை நோக்கி நாக்கை வீசினாலும் பிடிக்க முடிவதில்லை. அமெரிக்காவின் வயோமிங் தேரைகளிடம் இது பெரிய தலைவலியாக இருந்தது. பூங்காவில் இரை தட்டிலேயே கிடைப்பதால், இத்தகைய குறை வெளியே தெரியாமல் வெகுநாள் மறைந்திருக்கும்.

நஞ்சும் அப்படியே. மத்திய, தென் அமெரிக்காவின் வண்ண நச்சுத் தவளைகள் தங்கள் தோலின் நஞ்சைப் பெரும்பாலும் எறும்பு, சிற்றுண்ணி போன்ற இரைகளிலிருந்தே சேர்க்கின்றன. அடைப்பில் பிறந்து பழ ஈ தின்று வளர்ந்தவற்றிடம் அந்த நஞ்சு இருப்பதில்லை. பனாமாவின் அட்டெலோபஸ் தேரைகளிலும் அடைப்பில் வளர்ந்தவற்றில் நஞ்சு காணப்படவில்லை. பளீரென்ற மஞ்சளும் கருப்பும் 'என்னைத் தொடாதே' என்று அறிவிக்கும் நிறம். பின்னால் நஞ்சு இல்லையென்றால் அந்த அறிவிப்பு பொய். நிறமேகூட இரையைப் பொறுத்தது. ஆஸ்திரேலியாவின் தெற்கு கொரோபரி தவளையின் மஞ்சள் வரிகளின் அழுத்தம், உணவில் உள்ள கரோட்டினாய்டு நிறமிகளால் மாறுவதாகக் காட்டியிருக்கிறார்கள். இதற்கெல்லாம் மருந்து? பனாமாவில் சில திட்டங்கள், தவளைகளை உடனே திறந்துவிடாமல், காட்டுக்குள்ளேயே வலையடைத்த கூண்டுகளில் சில வாரங்கள் வைக்கின்றன. காட்டு மண், காட்டுப் பூச்சி, தோலில் குடியேறும் காட்டு நுண்ணுயிர் எல்லாம் பழக வேண்டும் என்பது கணக்கு. நல்ல யோசனைதான்.

உடம்பைப் பற்றிப் பேசும்போது தான்சானியாவின் கிஹான்சி சாரல் தேரையைத் தாண்டிப் போக முடியாது. உட்சுங்வா மலையின் ஒரே பள்ளத்தாக்கில், அருவியின் சாரல் படும் சுமார் 2 ஹெக்டேர் புல்வெளியில் மட்டும் வாழ்ந்த பொடித் தேரை இது. முட்டையிடாமல் நேரே குட்டித் தேரைகளை ஈனும். 1996-ல் கண்டுபிடிக்கப்பட்டது. சில ஆண்டுகளிலேயே நீர்மின் அணை வந்து அருவியின் நீரில் பெரும்பகுதியைத் திருப்பிவிட்டது. சாரல் நின்றது. 2000-ம் ஆண்டின் இறுதியில் 499 தேரைகள் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பூங்காவுக்குப் பறந்தன. பள்ளத்தாக்கில் சாரலுக்குப் பதிலாகக் குழாய்த் தெளிப்பான்கள் அமைக்கப்பட்டன. தேரைகள் சற்றுத் தேறுவதுபோல் இருந்து, 2003-ல் திடீரென்று மாண்டன. அங்கும் கைட்ரிட் பூஞ்சை. 2009-ல் இயற்கையில் அழிந்த இனமாக அறிவிக்கப்பட்டது.

பூங்காக்களிலும் நிம்மதி இல்லை. முதல் ஆண்டுகளில் புழுத் தொற்று, சத்துக் குறை, ஒளிக் குறை என்று தேரைகள் கொத்துக் கொத்தாக மடிந்து, எண்ணிக்கை 100-க்கும் கீழே இறங்கியது. பிராங்க்ஸ், டொலிடோ பூங்காக்களின் பராமரிப்பாளர்கள் புற ஊதா விளக்கையும் தீவனத்தையும் தெளிப்பானின் ஈரத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்த பிறகே இனம் ஆயிரக்கணக்கில் பெருகியது. 2010-ல் 100 தேரைகள் தார் எஸ் சலாம் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பின. 2012-ல் பள்ளத்தாக்கில் விடுதலை தொடங்கியது. அதற்கு முன் சில தேரைகளை அந்தப் பள்ளத்தாக்கின் மண்ணோடும் அங்குள்ள பிற தவளைகளோடும் சேர்த்து வைத்து, சாகின்றனவா பிழைக்கின்றனவா என்று பார்த்தார்கள். வளர்ந்த தேரையின் புத்தியைச் சோதிக்கவில்லை. அந்த இடம் இன்னும் கொல்கிறதா என்பதைச் சோதித்தார்கள். இந்தத் துறை கேட்க வேண்டிய கேள்வி அதுதான். அருவி இன்றும் முழுசாகத் திரும்பவில்லை. தெளிப்பான்கள் ஓடும் வரைதான் அந்தப் புல்வெளி.

ஊர்வனவற்றில் முட்டைக்குள்ளேயே ஒரு சிக்கல் காத்திருக்கிறது. முதலைகளுக்கும் பல ஆமைகளுக்கும் குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது அடைகாக்கும் வெப்பம். இதை மக்கர் எனப்படும் நன்னீர் முதலையில் துல்லியமாக அளந்த இடம் நம் வடநெம்மேலி. ராமுலஸ் விட்டேகர் 1976-ல் தொடங்கிய சென்னை முதலைப் பண்ணையில் ஜெஃப்ரி லாங், ஹாரி ஆண்ட்ரூஸ், விட்டேகர் ஆகியோர் செய்து 1989-ல் வெளியிட்ட ஆய்வு அது. 28 முதல் 31 டிகிரி வரை நிலையான வெப்பத்தில் வைத்த முட்டைகளில் எல்லாம் பெண் குஞ்சுகள். 32.5 டிகிரியில் எல்லாம் ஆண். இடைப்பட்டவற்றில் இரண்டும் கலந்து. ஒன்றரை டிகிரி வித்தியாசம் ஒரு தலைமுறையையே திருப்பிப் போட்டுவிடுகிறது. நியூசிலாந்தின் துவாதாரா என்னும் ஊர்வனத்தில் இந்த எல்லை இன்னும் குறுகலானது: 21 டிகிரியில் பெரும்பாலும் பெண், 22-ல் பெரும்பாலும் ஆண். அடைகாப்புப் பெட்டியின் வெப்பமானி கொஞ்சம் பொய் சொன்னால், இருபது ஆண்டு கழித்து ஆற்றில் ஜோடி கிடைக்காமல் தவிக்கும் ஒரு கூட்டம்தான் மிஞ்சும்.

அதே முதலைப் பண்ணைக்கு வேறொரு சிக்கல் வந்தது. மக்கர் முதலைகள் சிரமமில்லாமல் பெருகின; ஆயிரக்கணக்கில் நிறைந்துபோயின. ஒரு கட்டத்துக்குப் பிறகு இந்தியாவில் எந்த மாநிலமும் அவற்றை வாங்கிக் காட்டில் விட முன்வரவில்லை. மீன்பிடிக்கும், குளிக்கும், மாடு குளிப்பாட்டும் ஆற்றில் முதலையை விட எந்த மாவட்ட ஆட்சியர் கையெழுத்துப் போடுவார்? கடைசியில் முட்டைகளை அடைகாக்காமல் தடுப்பதே பண்ணையின் வேலையாயிற்று. விலங்கு எவ்வளவுதான் தயாராக இருந்தாலும், அதற்கு இடமில்லை.

மக்கரின் சொந்தக்கார இனமான கரியாலின் கதை நேர் எதிர். இடம் இருந்தது, நம்பிக்கையும் இருந்தது. 1974-ல் ஐ.நா. ஆலோசகர் பஸ்டர்ட் நடத்திய கணக்கெடுப்பில் இந்தியாவில் 200-க்கும் குறைவான கரியால்களே எஞ்சியிருப்பதாகத் தெரிந்தது. 1975-ல் முதலைத் திட்டம் பிறந்தது. மணல்திட்டுகளிலிருந்து முட்டைகளை எடுத்து, லக்னோ அருகே குக்ரைலிலும் பிற மையங்களிலும் பொரிக்கவைத்து, குஞ்சுகள் 1.2 மீட்டர் நீளம் எட்டியதும் ஆறுகளில் விட்டார்கள். கண்டிப்பாகப் பார்த்தால் இவை பூங்காவில் பிறந்தவை அல்ல, பூங்காவில் வளர்ந்தவை. ஆனால் தயார்ப்படுத்தலின் தத்துவம் ஒன்றே: சிறிய குஞ்சை நாரையும் ஆமையும் பெரிய மீனும் விழுங்கும், பெரிதாக வளர்த்துவிட்டால் தப்பிக்கும். முப்பது ஆண்டுகளில் 5,000-க்கும் மேற்பட்ட குட்டிகள் ஆறுகளுக்குப் போயின.

கணக்கு சரியாக இருந்தால் ஆறுகள் நிரம்பியிருக்க வேண்டும். 1997-ல் 436 என்று மதிப்பிடப்பட்ட முதிர்ந்த கரியால்கள், 2006-ல் 182 ஆகக் குறைந்தன. மணல் அள்ளுதல், அணை, வலைகள், கரையோர விவசாயம் — 1.2 மீட்டர் நீளம் இவற்றுக்கு எதிராக எந்தக் கவசமும் அல்ல. 2007 டிசம்பரிலிருந்து சில மாதங்களில் சம்பல் ஆற்றில் நூற்றுக்கும் மேற்பட்ட கரியால்கள் செத்து மிதந்தன. சிறுநீரகத்தில் யூரிக் அமிலம் படிந்த கவுட் நோய் அவற்றில் தெரிந்தது. யமுனையிலிருந்து வரும் மீன்களின் வழி வந்த நச்சு என்ற சந்தேகம் எழுந்தது. இடையில் ஒரு வெளிச்சமும் உண்டு. 2021-ல் ஒடிசாவின் மகாநதியில் நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு கரியால் இயற்கையாகக் கூடுகட்டி 28 குஞ்சுகள் பொரித்தன.

கரியாலைப் பற்றி இன்னொரு விஷயம் சொல்ல வேண்டும். சொல்லிக்கொடுக்க ஆளில்லாத உயிர்கள் என்று தொடக்கத்தில் சொன்னதற்கு முதலைகள் விதிவிலக்கு. சம்பல் ஆற்றில் பெரிய ஆண் கரியால் நூறு குஞ்சுகளுக்கும் மேல் முதுகில் சுமந்தபடி மிதப்பதைப் படம் பிடித்திருக்கிறார்கள். பெண்களும் ஆணும் குஞ்சுகளைப் பல வாரங்கள் காவல் காக்கின்றன. அந்தக் காவலை அடைகாப்புப் பெட்டி தர முடியாது.

பெரிதாக வளர்த்து விடும் முறை மற்ற இடங்களில் நன்றாகவே பலித்திருக்கிறது. கரீபியக் கடலின் கிராண்ட் கேமன் தீவில் நீல இகுவானா 2002-ல் 25-க்கும் கீழே இறங்கியிருந்தது. குஞ்சுகளை ஏறத்தாழ இரண்டு வயது வரை வளர்த்து, பாம்பு விழுங்க முடியாத அளவானதும் விட்டார்கள். உடம்புக்குள் சில்லு, முதுகுச் சீப்பில் ஆளுக்கொரு வண்ணமணிச் சரம். தூரத்திலிருந்தே யார் எது என்று சொல்லிவிடலாம். 2018-ல் ஆயிரமாவது இகுவானா காட்டுக்குப் போனது. ஆனால் பூனையும் நாயும் இரண்டு வயது இகுவானாவையும் பிடிக்கும். அதற்குத் தீவில் வேலியும் காவலும் தேவைப்பட்டன. ஜமைக்காவில் அழிந்ததாகக் கருதப்பட்டு, 1990-ல் ஒரு பன்றி வேட்டைக்காரர் ஹெல்ஷயர் மலைக்காட்டில் கண்டெடுத்த இகுவானாவும் இதே வழியில்தான் பிழைத்தது: கிங்ஸ்டனின் ஹோப் பூங்காவில் வளர்ப்பு, காட்டில் கீரி பொறி. பொறியில்லாத வளர்ப்பு அங்கே வேலைக்கு ஆகியிருக்காது.

இங்கேதான் ஒரு சுவையான சோதனை வருகிறது. அமெரிக்காவின் மிச்சிகனில் சாஷா டெட்ஸ்லாஃபும் சகாக்களும் கிழக்கத்தியப் பெட்டி ஆமைக் குஞ்சுகளை இரண்டு விதமாக வளர்த்தார்கள். ஒரு கூட்டத்துக்கு வெறும் தொட்டி. இன்னொன்றுக்கு இலைச் சருகு, ஒளியும் மறைவிடம், தேடித் தின்னும் இரை. விலங்குப் பூங்காக்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் 'வளமான சூழல்'. காட்டில் விட்டபோது, சூழல் வளமாக இருந்ததால் பெரிய பலன் தெரியவில்லை. எத்தனை மாதம் வளர்த்தார்கள் என்பதுதான், அதாவது குஞ்சுகள் எவ்வளவு பெரிதாகப் போயின என்பதுதான், வேலை செய்தது. 2019-ல் வெளியான இந்த ஆய்வு எல்லா இனங்களுக்கும் சட்டமாகாது. ஆனால் ஆமைக்கு விளையாட்டுச் சாமான் வாங்கும் முன் ஓட்டின் கனத்தைப் பார்க்கச் சொல்கிறது.

அப்படியானால் புத்தியைப் பயிற்றுவிப்பது வீணா? அதே டெட்ஸ்லாஃப் குழு பலவகை விலங்குகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, எதிரிகளிடம் தப்பும் பயிற்சி, வளமான சூழல், படிப்படியான விடுதலை ஆகியவற்றில் ஏதாவது கிடைத்த விலங்குகள் பிழைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு என்று தெரிந்தது. இனத்துக்கு இனம் வேறுபாடு மிகுதி. ஹெல்பெண்டர் என்னும் அமெரிக்க ராட்சத சாலமாண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஆறுகளில் மனிதர்கள் கொண்டுவந்து விட்ட டிரவுட் மீன்கள் இப்போது எதிரிகள். பழங்காலத்தில் இல்லாத அந்த வாசனை அதற்குப் பழக்கமில்லை. மிசூரி மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் டிரவுட்டின் வாசனையையும் அச்சமுற்ற ஹெல்பெண்டர் சுரக்கும் திரவத்தையும் ஒன்றாகக் குஞ்சுகளுக்குக் காட்டினார்கள். அதன்பின் டிரவுட் வாசனை மட்டும் வந்தாலே குஞ்சுகள் நடத்தையை மாற்றிக்கொண்டன. மூக்கின் வழி ஒரு எதிரியை அறிமுகப்படுத்துவது இவ்வளவு எளிது என்றால் செய்துவிடலாமே என்று தோன்றுகிறது. 2011-ல் செயின்ட் லூயிஸ் பூங்காவில் ஓசார்க் ஹெல்பெண்டர் முதன்முதலாக அடைப்பில் இனப்பெருக்கம் செய்த பிறகு, ஆயிரக்கணக்கில் ஆறுகளுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன.

எதிர்ப்பக்கமும் உண்டு. மயோர்க்காத் தேரையின் தலைப்பிரட்டைகள் பாம்பின் வாசனை பட்டால் வால் அமைப்பையே மாற்றிக்கொள்ளும் இயல்புடையவை. அடைப்பில் பல தலைமுறை கழிந்த வரிசைகளில் இந்த எதிர்வினை மங்குவதாகவும் மரபு வேறுபாடு குறைவதாகவும் கண்டார்கள். சொல்லிக்கொடுத்துத் திருத்தக்கூடியதல்ல இது. பூங்காத் தலைமுறைகளைக் குறைக்க வேண்டும், காட்டிலிருந்து புது இரத்தம் சேர்க்க வேண்டும்.

பாம்புகள் இன்னும் கடினம். அமெரிக்காவின் வடக்கு நீர்ப்பாம்புகளை ஒப்பிட்ட ஓர் ஆய்வில், அந்த இடத்திலேயே வாழ்ந்தவை நன்றாக இருந்தன, வேறிடத்திலிருந்து கொண்டுவந்தவை கொஞ்சம் மோசம், அடைப்பில் வளர்ந்தவை எல்லாவற்றிலும் மோசம். எப்போது வெயில் காய்வது, எங்கே குளிர்காலத்தைக் கழிப்பது என்பதில் தடுமாற்றம். வெப்பத்தைச் சீராகத் தரும் கூண்டில் வளர்ந்த உடம்பு வெயிலைத் தேட வேண்டிய அவசியமே அறியாமல் வளர்ந்துவிட்டது. அலபாமாவில் கிழக்கு இண்டிகோ பாம்பை மீட்கும் முயற்சி இதைக் கணக்கில் எடுத்துக்கொண்டது. 2010-ல் இரண்டு வயதான பாம்புகளை உடம்பில் ரேடியோ கருவி வைத்து கொனேகு காட்டில் விட்டார்கள். சில பாம்புகள் முதலில் வேலியிட்ட பரப்பில் தங்கின. அவற்றின் குளிர்காலப் புகலிடம் கோஃபர் ஆமை தோண்டிய வளை. ஆக, பாம்புக்காக ஆமையையும் ஆமைக்காகத் தீயால் பராமரிக்கப்படும் பைன் காட்டையும் காக்க வேண்டியிருக்கிறது. 2020-ல் அலபாமாக் காட்டில் பிறந்த ஒரு இண்டிகோ பாம்பு கிடைத்தது. பத்தாண்டு காத்த பலன்.

வேலிக்குள் வைத்து விடும் முறையைக் குறித்துக்கூட ஒரு தெளிவு இருக்கிறது. இடம் மாற்றிய கோஃபர் ஆமைகள் பழைய வீட்டைத் தேடி அலைந்து சாலையில் அடிபடும். ஒன்பது முதல் பன்னிரண்டு மாதம் வேலிக்குள் வைத்து, பிறகு வேலியை எடுத்தால் பெரும்பாலானவை அங்கேயே தங்கிவிடுகின்றன. இது பயிற்சி என்றுகூடச் சொல்ல முடியாது. ஆமைக்கு இடம் பழக நேரம் கொடுப்பது, அவ்வளவே. நேரம்தான் மற்ற எல்லாவற்றையும்விட விலை அதிகம் என்பதால், பல திட்டங்கள் அதைத்தான் முதலில் வெட்டுகின்றன.

பழக நேரம் கொடுத்தாலும் எல்லை தெரியாத உயிர்களுக்கு என்ன செய்வது? சுந்தரவனத்தில் வடக்கு ஆற்று ஆமை இயற்கையில் கிட்டத்தட்ட இல்லாமல் போயிருந்தது. சஜ்னேகாலியில் ஒரு குளத்தில் எஞ்சிய சில ஆமைகளிலிருந்து இனம் பெருக்கப்பட்டது. 2022 ஜனவரியில் செயற்கைக்கோள் கருவி பொருத்திய 10 ஆமைகளை விட்டபோது, அவற்றில் சில நீர்வழிகளைத் தாண்டி வங்கதேசப் பக்கம் போய்ச் சேர்ந்தன. மீனவர்களின் கைகளிலும் சிக்கின. சிக்கியவற்றின் கருவியைப் பார்த்துத் தகவல் சொன்ன மீனவர்களும் உண்டு. ஆமைக்கு நதியே நாடு. பயிற்சி இங்கே வலைபோடும் மனிதருக்குத்தான் தேவை.

இத்தனை திட்டங்களில் எத்தனை பலித்தன? 1991-ல் டாட், சீகல் இருவரும் ஊர்வன, இருவாழ்விகளை இடம் மாற்றிய திட்டங்களைத் தொகுத்தபோது, 19 சதவீதத்தையே வெற்றி என்று சொல்ல முடிந்தது. 2009-ல் ஜெர்மானோ, பிஷப் இருவரும் அதற்குப் பிந்தைய 91 திட்டங்களைப் பார்த்தபோது 41 சதவீதம். இரட்டிப்பு முன்னேற்றம் என்று மகிழலாம். தோற்ற திட்டங்கள் காகிதத்தில் ஏறுவது குறைவு என்பதை நினைத்தால் மகிழ்ச்சி கொஞ்சம் அடங்கும். தோல்விக்கு அடிக்கடி சொல்லப்பட்ட காரணங்கள்: விட்ட விலங்கு பழைய இடம் தேடிப் போனது, விட்ட இடமே சரியில்லை. கற்றுத்தரவில்லை என்பது முன்னணியில் இல்லை.

வெற்றியின் அளவுகோலே வழுக்கலானது. எஸ்பனோலா ஆமைகளை எடுத்துக்கொள்ளுங்கள். 1963-க்கும் 1974-க்கும் இடையே தீவில் கண்டெடுத்தவை 12 பெண், 2 ஆண். மூன்றாவது ஆண், கலிஃபோர்னியாவின் சான் டியேகோ பூங்காவிலிருந்து 1970-களில் வந்த டியேகோ. புகழ் அவனுக்குப் போனது. மரபணுச் சோதனையோ குட்டிகளில் பெரும்பங்கு பெயர் வெளியே தெரியாத இன்னொரு ஆணுடையது என்றது. ஏறத்தாழ 2,000 ஆமைகள் தீவுக்குத் திரும்பின. இப்போது அவை தாமாகவே இனம் பெருக்குகின்றன. இதற்கு முன்னால் 1978-ல் தீவின் ஆடுகள் அத்தனையும் ஒழிக்கப்பட்டன என்பதைக் குறிப்பிடாமல் டியேகோவின் வீரத்தை மட்டும் எழுதும் செய்திகள் பாதிக் கதைதான். ஆடு மேய்ந்த தீவில் எத்தனை டியேகோ வந்தாலும் குட்டிகளுக்குத் தின்ன கள்ளி இருந்திருக்காது. இத்தனைக்கும் இனத்தின் மரபு வளம் 15 முன்னோரிடமிருந்து வந்தது. நூறாண்டு வாழும் உயிரில் அதன் விளைவை அறிய நம்மில் யாரும் இருக்க மாட்டோம்.

இதற்கு மாறாக ஒரு விரைவான வழியும் உண்டு. போர்ட்டோ ரிக்கோவின் கொண்டைத் தேரையை அமெரிக்கப் பூங்காக்கள் 1980-களிலிருந்து பெருக்கி, தலைப்பிரட்டைகளாகவே விமானத்தில் அனுப்பி, குவானிக்காக் காட்டின் குளங்களில் லட்சக்கணக்கில் கொட்டுகின்றன. பெரும்பாலானவை சாகும். பிழைப்பவை அந்தக் குளத்திலேயே வளர்ந்தவை. அடைப்பில் கழித்த நாட்கள் குறைவு என்பதால் அடைப்பு திருடியதும் குறைவு. முதலைக்கும் இகுவானாவுக்கும் எவ்வளவு நாள் வளர்ப்பது நல்லதோ, தேரைக்கு அவ்வளவு சீக்கிரம் விடுவது நல்லது. ஒரே விதியை எல்லா இனத்துக்கும் எழுத முடியாதென்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

கடைசியாக, தயார்ப்படுத்தலின் கேள்வியையே திருப்பிப் போடும் ஓர் ஆமை. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தையொட்டிய சில சதுப்பு நிலங்களில் மட்டும் எஞ்சியிருந்த மேற்குச் சதுப்பு ஆமை 1980-களில் 50-க்கும் கீழே போயிருந்தது. பெர்த் உயிரியல் பூங்கா அதைப் பெருக்கி, குட்டி 100 கிராம் எடையைத் தொட்டதும் விடுகிறது. நரி நுழையாத வேலிகள் சதுப்புகளைச் சுற்றி நிற்கின்றன. ஆனால் மழை குறைந்து, சதுப்புகள் முன்பைவிடச் சீக்கிரம் வற்றுகின்றன. குட்டி கோடைத் தூக்கத்துக்குப் போகும் முன் தேவையான எடையை எட்ட நேரம் போதவில்லை. ஆகவே 2016-ல் சில இளம் ஆமைகளை, அந்த இனம் ஒருபோதும் வாழ்ந்திராத, வெகு தெற்கே உள்ள ஈரமான சதுப்புகளில் சோதனையாக விட்டார்கள். பருவநிலை மாற்றத்தை முன்னிட்டு ஒரு முதுகெலும்பு விலங்கை இப்படி இடம் மாற்றிப் பார்த்ததில் இது முன்னோடி. அங்கே தண்ணீர் இருக்கிறது; ஆனால் குளிர் அதிகம். குளிர்ந்த நீரில் ஆமை மெதுவாகத்தான் வளரும். பெர்த் பூங்காவின் ஊழியர்கள் இப்போது எடை பார்க்கும் குட்டிகளில் எவை பழைய சதுப்புக்கு, எவை புதிய சதுப்புக்கு என்பதை ஆண்டுதோறும் மழையைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டியிருக்கும்.